ஆடவேண்டிய தகடுகள்

பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில் பித்தளையில் வந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? நம் வயதுக்காரர்களுக்குக் கட்டாயம் இருக்கும். மை தீர்ந்தாலும் அதைத் தூக்கிப் போட மனசு வராது. வாயில் வைத்து ஊதுவோம், மெல்லிசாக ஒரு விசில் வரும், நாக்கெல்லாம் நீலமாகும், அம்மாக்கள் திட்டுவார்கள். என் அண்ணன் மட்டும் ஊத மாட்டான். ஊரெல்லாம் தீர்ந்த ரீஃபில்களைக் கேட்டு வாங்கி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி, அரத்தால் விரல்நகம் அளவுக்குத் துண்டு துண்டாக அறுத்துத் தீப்பெட்டியில் போட்டு வைப்பான். அந்த ரீஃபில் துண்டுகளில்தான் எங்கள் வீட்டின் ஒரு கோடைக்காலம் முழுசும் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அப்போது நாங்கள் அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு ஆலையின் காலனியில் இருந்தோம். அப்பா விக்கிரமங்கலத்துக்காரர். நிலத்தைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு ஆலையில் சேர்ந்து, சூளைப் பிரிவில் ஃபோர்மேனாக ஆகியிருந்தார். காலனியில் எல்லாவற்றின் மேலும் ஒரு சாம்பல் பூச்சு இருக்கும். வேப்பிலை, கொடியில் காயும் துணி, எங்கள் புருவம், எதுவும் தப்பாது. காலையில் வாசல் தெளித்தால் மதியத்துக்குள் அந்த இடம் கெட்டியாகிவிடும் என்று அம்மா சொல்வாள். மதியம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேட்டு வைப்பார்கள். பூமி ஒரு தரம் உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். எனக்கு அந்தச் சத்தம் மிகவும் பிடிக்கும்.

காலனி கிளப்பில் கேரம்போர்டும் டேபிள் டென்னிஸ் மேசையும்தான் இருந்தன. புதிய சூளையை நிறுவித் தருவதற்காக ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வந்தார். அவருடைய சாமான்களோடு ஒரு பெரிய மரப்பெட்டியும் வந்தது. அதில் இருந்ததை அவர் டேபிள் டென்னிஸ் மேசையை விட இரண்டு மடங்கு பெரிய பலகையின் மேல் பொருத்தினார். கறுப்புச் சாலை ஒன்று எட்டுப் போட்டதுபோல் வளைந்து வளைந்து போனது. சாலையின் நடுவே, அதோடு சேர்ந்து வளையும் இரண்டு மெல்லிய பள்ளங்கள், ஒவ்வொரு பள்ளத்தின் இரு ஓரத்திலும் செம்புப் பட்டை. அதில் கரண்டு ஓடும். உள்ளங்கையில் அடங்கும் கார், தன் மூக்குக்கு அடியில் இருக்கும் சின்ன நாக்கைப் பள்ளத்தில் விட்டுக்கொண்டு, செம்பிலிருந்து கரண்டை எடுத்துக்கொண்டு ஓடும். நம் கையில் ஒரு கட்டை. அதில் கட்டைவிரலால் அமுக்கினால் வேகம், விட்டால் நின்றுவிடும். இதை ஸ்லாட் கார் என்று சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். எங்களுக்கு அது கரண்டு கார்.

வளைவுகளின் உள்பக்கத்தில் இன்ஜினியர் சுரங்கத்தில் பொறுக்கிய கல் நத்தைகளை வைத்திருந்தார். ஒரு காலத்தில் அரியலூர் முழுக்கக் கடலாக இருந்ததாமே, அந்தக் கடலின் நத்தைகள். கார்கள் சுழன்று போகும்போது நான் அந்த நத்தைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடலுக்கடியில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். மோட்டார் சூடாகி ஒரு கருகல் வாசனை வரும். சக்கரங்கள் வழுக்காமல் இருக்க அவர் ஏதோ எண்ணெய் தடவுவார், அது அப்படியே தலைவலித் தைலத்தின் வாசனை. இப்போது முட்டிக்குத் தைலம் தேய்க்கும் வயதாகிவிட்டது எனக்கு. மூடியைத் திறந்ததும் நான் அந்த கிளப்புக்குப் போய்விடுகிறேன். மருமகள் வந்து, "என்னத்தே, தூங்கிட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் திரும்பி வருவேன்.

அண்ணன் அங்கேயே பழியாகக் கிடந்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தான். அப்பா மேனேஜரிடம் நாலைந்து தரம் நடந்து, பணிந்து கேட்டு, ஆலையில் அவனுக்கு அப்ரண்டிஸ் இன்டர்வியூ வாங்கியிருந்தார். இன்டர்வியூ அன்று அண்ணன் போகவில்லை. செம்புப் பட்டை ஓரிடத்தில் பெயர்ந்துவிட்டது என்று இன்ஜினியரோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தான். அப்பா கிளப்புக்கே வந்து, அத்தனை பேர் முன்னாலும் அவனைக் கன்னத்தில் அறைந்தார். "இனிமே என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதுடா" என்றார்.

அப்பா சொல்லி அண்ணன் ஒழுங்காகக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அன்றிலிருந்து வீட்டில் என் உத்தியோகம் ஆரம்பமானது. இந்த உத்தியோகம் பார்க்காத தங்கச்சியோ தம்பியோ நம் காலத்தில் எந்த வீட்டில் இருந்தார்கள்? அப்பாவும் அண்ணனும் ஒரே பாயில், தட்டுக்குத் தட்டு இடிக்க உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் நான்.

"உங்கண்ணன்கிட்ட சொல்லு, சைக்கிளைக் கொஞ்சம் உள்ள தூக்கி வைக்கச் சொல்லி."

நான் அண்ணன் பக்கம் திரும்பிச் சொல்வேன்.

"அப்பாகிட்ட சொல்லு பாப்பா, டயரு பஞ்சராயிருக்கு, காலையிலதான் எடுக்கணும்."

நான் அப்பா பக்கம் திரும்பிச் சொல்வேன். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. நடுநடுவே நானே ஒரு சரக்கைச் சேர்த்துவிடுவேன். "அப்பா, எனக்குச் சேமியா ஐஸ் வாங்கித் தரணும்னு அண்ணன் சொல்லுது." அப்பா முறைப்பார், மறுநாள் வாங்கித் தருவார். ஆனால் போகப்போக எனக்கு பயம் வந்தது. அம்மா சமையலறையில் அடுப்பைப் பார்த்தபடியே, "இப்படியே பழகிப்போயிடும் போலருக்கே" என்று தனக்குத்தானே சொன்னதைக் கேட்டேன். பெரியவர்களுக்குக் கோபம் பழகிப்போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள் என்று நினைத்து, காய்ச்சல் வந்தபோதுகூடச் சாப்பாட்டு நேரத்துக்கு எழுந்து வந்து நடுவில் உட்கார்ந்தேன்.

வெயில் ஏற ஏற, இன்ஜினியர் ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. போவதற்கு முன் கிளப்பில் ஒரு பந்தயம் வைப்பதாகச் சொன்னார். ஜெயிக்கிறவருக்குத் தன் சாமான் பெட்டி முழுவதையும் தருவாராம். அந்தப் பெட்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குட்டிக் குட்டி மோட்டார்கள், பல்சக்கரங்கள், பித்தளைத் தகடு, கம்பிச் சுருள், ஈயம் வைத்துப் பற்றவைக்க, கரண்டில் சூடாகும் இரும்பு. அண்ணன் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடும்போது கதவைச் சாத்துவது போல மெதுவாக மூடுவான். அவனுக்கு ஆலை வேண்டாம், சூளை வேண்டாம், அந்தப் பெட்டி இருந்தால் போதும்.

இன்ஜினியர் கொடுத்த ஒரு பழைய மோட்டாரை வைத்து அவன் தன் காரைச் செய்தான். அதன் சேஸ் முழுக்க எங்கள் வீட்டுச் சாமான். லாரிக்காரர்கள் சேஸ் என்று சொல்வார்களே, மேல்கூடு இல்லாத வெறும் எலும்புச் சட்டம், அதேதான். அம்மாவின் ஓட்டைக் குடத்தின் அடிப்பாகம் தகடாயிற்று. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி நடுச் சட்டமாயிற்று. தேய்ந்த ரப்பர் செருப்பு சக்கரமாயிற்று. மேல்கூட்டுக்கு நான்தான் அம்மாவின் கெட்டியாகிப்போன நகப்பூச்சை அடித்தேன். அதனால் அந்தக் கார் சிவப்பு, அங்கங்கே என் விரல்ரேகையோடு.

முதலில் அவன் எல்லாவற்றையும் இறுக்கமாகத்தான் பற்றவைத்தான். நேர்ச்சாலையில் அம்பாகப் போகும். வளைவு வந்ததும் பின்சக்கரம் தத்தும், உதறும், பள்ளத்தை விட்டுத் துள்ளி நத்தைகள் மேல் விழும். கனம் சேர்த்தான், அப்போதும் தத்தியது. பிறகு இன்ஜினியரின் காரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தான். அதில் இரண்டு பக்கத் தகடுகளும் சட்டத்தோடு ஒட்டாமல் கீலில் தொங்கின. குலுக்கினால் கடகடவென்று ஆடின.

"இந்தத் தகடு ஆடணும் பாப்பா" என்றான். வேலை செய்யும்போது அவன் என்னிடம் எல்லாவற்றையும் சொல்வான். "வளைவுல போறப்ப வர்ற உதறலை இது வாங்கிக்கும். தகடு ஆடுனா சக்கரம் ஆடாது. தரையை விடாம போவும்."

ரீஃபில் துண்டுகள் அதற்குத்தான். ஸ்போக்ஸ் கம்பியில் ரீஃபில் துண்டைக் கோத்து, துண்டைத் தகட்டோடு பற்றவைத்தான். கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு மயிரிழை இடம். தகடுகள் கோழிக்குஞ்சின் இறக்கை மாதிரி மேலும் கீழும் அசைந்தன. அன்று சாயங்காலம் அந்தக் கார் வளைவில் போனதை இன்னும் பார்க்கிறேன். பின்பக்கம் லேசாக வெளியே ஒதுங்கி, பதறாமல், தண்ணீரில் வழுக்கும் இலையாகத் திரும்பிப் போனது. இன்ஜினியர் தெரிந்துவைத்திருந்த ஒரே தமிழ் வார்த்தை "மெதுவா". வளைவுக்கு வளைவு எல்லாரையும் பார்த்து அதைத்தான் கத்துவார். அன்று கத்த வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார்.

என் அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு ஆடுகிற எதையும் கண்டால் ஆகாது. சூளைக்காரர் அல்லவா, எங்கேயாவது கடகடவென்று ஒரு சத்தம் கேட்டால் ஏதோ கழன்றுவிட்டது என்று அர்த்தம், கழன்றால் ஆபத்து என்று அர்த்தம். வீட்டுக்கு வந்தாலும் காது ஓயாது. ஃபேன், கதவுத் தாழ்ப்பாள், வாணலிக் கைப்பிடி, பக்கத்து வீட்டு ஊஞ்சல் சங்கிலி, எல்லாவற்றையும் முடுக்குவார். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் பந்தல்காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையைப் பார்க்கும் முன் கயிறு கேட்டவர். அவர் எங்கள்மேல் பிரியமாக இருக்கிறார் என்பதை நாங்கள் தெரிந்துகொள்வதே, எங்கள் சாமான் எதையாவது அவர் இறுக்கித் தரும்போதுதான்.

பந்தயத்துக்கு முதல் நாள் மதியம். சக்கரத்துக்கு நல்ல ரப்பர் கிடைக்கும் என்று அண்ணன் கீழப்பழுவூருக்குப் பஸ் ஏறியிருந்தான். சுரங்கத்தில் வேட்டு வைத்தார்கள். டம்ளர்கள் குலுங்கி அடங்கின. ஜன்னல் விளிம்பில் இருந்த கார் மட்டும் இன்னும் ஒரு நொடி கடகடத்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்திருந்த அப்பா கண்ணைத் திறந்தார்.

எழுந்து வந்து காரைக் கையில் எடுத்தார். அந்தச் சண்டைக்குக் காரணமான விளையாட்டின் சாமான் இல்லையா, தூக்கி எறியப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எறியவில்லை. மேல்கூட்டைக் கழற்றி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். அண்ணன் பற்றவைத்திருந்த இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

"பரவால்லியே" என்றார். யாரிடமும் இல்லை, காரிடம்.

பிறகு தகட்டை ஆட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிற்று. "ஐயையோ, இது விட்டுப்போச்சே. நாளைக்கு ஓடுறப்ப கழண்டு விழுந்தா அசிங்கமா பூடும்" என்றார்.

அம்மாவிடம் அடுப்பில் கரி போடச் சொன்னார். தன் பழைய பற்றவைக்கும் இரும்பைக் காய்ச்சினார். இரும்பில் தேய்த்த நவச்சாரத்தின் வெள்ளைப் புகை எழுந்து என் கண்ணைக் கரித்தது. ஈயம் பாதரசம் போலச் சுருண்டு உருண்டு, ரீஃபிலுக்கும் கம்பிக்கும் நடுவே இருந்த அந்த மயிரிழையில் இறங்கி உறைந்தது. நாலு கீலுக்கும் நாலு ஈய மணிகள். ஒவ்வொன்றும் மிளகு அளவு, ஒரே உருண்டை, ஒரே பளபளப்பு. நான் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். தகடு ஆட வேண்டும் என்று அண்ணன் சொன்னது என் நினைவுக்கே வரவில்லை. அந்த மதியத்தில் அப்பா அண்ணனுக்காக ஏதோ செய்கிறார் என்பதுதான் எனக்குள் நிரம்பியிருந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, சந்தோஷத்தில்.

"உங்கண்ணன்கிட்ட சொல்ல வேணாம். அவனே பாத்துக்கட்டும்" என்றார்.

அண்ணன் இருட்டிய பிறகுதான் வந்தான். அரைகுறை வெளிச்சத்தில் புதுச் சக்கரத்தை மட்டும் மாட்டிவிட்டுத் தூங்கிவிட்டான். மறுநாள் சாயங்காலம் கிளப்பில் கூட்டம். இறுதிப் போட்டி என்று தனியாக ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் ஓட்டியதெல்லாம் இன்ஜினியரின் கார்கள், சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர், அண்ணனும் மேனேஜர் மகனும். அந்த இருவருக்குள்தான் பந்தயம். மேனேஜர் மகனின் கார் கடையில் வாங்கியது, நீலம், சுமாராக ஓடும். அண்ணன் எந்த நாளும் அதை முந்திவிடுவான் என்று காலனிக்கே தெரியும்.

அண்ணன் காரை எடுத்தான். வழக்கம்போலத் தகட்டைக் கட்டைவிரலால் அமுக்கினான். அது அசையவில்லை.

திருப்பினான். நாலு மணிகளையும் பார்த்தான். அந்த மாதிரி உருண்டையாகப் பற்று வைக்க எங்கள் காலனியில் ஒரே கைக்குத்தான் வரும். என்னைப் பார்த்தான்.

"அப்பா வச்சாங்க" என்றேன். அவன் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் புரிந்தது.

இன்ஜினியரும் எட்டிப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். உடனே பெட்டியைத் திறந்து குறடை எடுத்து அண்ணன் கையில் திணித்து, முறுக்கு, உடைத்துவிடு என்று சைகை காட்டினார். ஒரு முறுக்கு முறுக்கினால் ஈயம் தெறித்துவிடும். நேரமும் இருந்தது.

அப்போது அண்ணன் வாசலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அப்பா நின்றுகொண்டிருந்தார். அறைந்த நாளுக்குப் பிறகு கிளப் பக்கமே வராதவர், குளித்து, வெளுத்த சட்டை போட்டு, திருநீறு இட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் கையில் இருந்த காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் குறடைப் பெட்டிக்குள் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான். காரைப் பள்ளத்தில் இறக்கினான்.

அந்தப் பந்தயத்தை நான் விவரிக்கப் போவதில்லை. நேர்ச்சாலையில் சிவப்பு முன்னால் போகும், வளைவில் தத்தித் தத்தி எகிறி விழும். விழுந்த காரை எடுத்து மறுபடி பள்ளத்தில் வைக்கும் வேலை எனக்கு. நத்தைகள் நடுவே இருந்து எடுத்து எடுத்து வைத்தேன். ஒவ்வொரு தரமும் அது சூடாக, ஏதோ உயிருள்ளது போல என் கையில் துடித்தது. அண்ணன் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான், ஆனால் குறைத்தால் நீலம் முந்தியது. பெட்டி மேனேஜர் மகனுக்குப் போயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். நான் வாசலைப் பார்த்தபோது அப்பா இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, "ஏண்ணே உடைக்கல?" என்று கேட்டேன்.

"அப்பா நின்னுச்சுல்ல" என்றான். கொஞ்சதூரம் போய், "அப்பாகிட்ட எதுவும் சொல்லாத. எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு இருக்கட்டும்" என்றான்.

சாப்பாட்டுக்கு நான் நடுவில் உட்கார்ந்தேன். அப்பா ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உங்கண்ணன்கிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தார். நான் திரும்பத் தயாரானேன். அவர் நிறுத்திவிட்டார். மோர்ச் சட்டியை எடுத்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி, "ஊத்திக்கடா" என்றார்.

"போதும்ப்பா" என்றான் அண்ணன்.

அவ்வளவுதான். என் உத்தியோகம் போயிற்று. அம்மா சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். எனக்கோ, அந்த நாலு சொட்டு ஈயம் தோற்கடித்தாலும் ஜெயித்துவிட்டது என்று நெஞ்சு கொள்ளாத சந்தோஷம்.

அடுத்த வாரமே அப்பா அண்ணனைப் பெரம்பலூருக்குக் கூட்டிப்போய், மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் சேர்த்துவிட்டு வந்தார். ஆலை அப்ரண்டிஸ் பேச்சையே எடுக்கவில்லை. மானத்தை வாங்கிய பிள்ளையை ஊரைவிட்டு அனுப்பிவிட்டார் என்று காலனியில் பேசினார்கள். அம்மாகூட அப்படித்தான் நினைத்து அழுதாள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். அண்ணன் அங்கேயே தொழில் கற்று, சொந்தக் கடை வைத்து, வீடு கட்டிவிட்டான். கிணற்று மோட்டார் புகைந்தால் சுற்றுவட்டாரத்தில் அவன் கடைக்குத்தான் தூக்கி வருவார்கள். கிளப் பலகையைக் கரையான் அரித்தது. கல் நத்தைகள் எங்கே போயினவோ. கார் மட்டும் அண்ணன் வீட்டு அலமாரியில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது உலகத்தில் இந்தப் பழைய கார்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்களாம், பக்கத் தகடு தளர்வாக இருப்பதுதான் அவற்றின் அழகாம், போனில் படம் காட்டினான் அண்ணன் மகன். "இதைச் சூடு காட்டி எடுத்துடலாம்ப்பா, பழையபடி ஆடும்" என்றான். அண்ணன் காரை வாங்கி மறுபடி அலமாரியில் வைத்துவிட்டான்.

அம்மா போன பிறகு அப்பா அண்ணன் வீட்டில்தான் இருந்தார். போன வருஷம் படுக்கையோடு ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டு நான் பெரம்பலூருக்குப் போனேன். நல்ல வெயில் மதியம். மேலே ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது, யார் முடுக்கியது என்று கேட்கவே வேண்டாம். அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் தலை முழுசும் வெள்ளை. அப்பா விரலை நீட்டி அலமாரியைக் காட்டினார். நான் காரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பினார். கட்டைவிரலால் தகட்டை அமுக்கினார். அது அசையவில்லை. பிறகு அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"உங்கண்ணன்கிட்ட சொல்லு" என்றார்.

எத்தனை காலம் கழித்துக் கேட்கிறேன் அந்த வார்த்தையை! அண்ணனின் கை அப்பாவின் பாதத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"இது ஆடணும்னு எனக்கு மொத வளைவுலயே தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லு. உள்ள வந்து நானே உடைச்சு விட்டிருக்கலாம். அத்தன பேரு முன்னால... காலு வரல. அடிக்கிறப்ப மட்டும் வந்துச்சு." மூச்சு வாங்கினார். "பொட்டி போச்சேன்னுதான் மோட்டாரு கடையில சேத்தேன். சொல்லிடு."

நான் திரும்பினேன். அண்ணன் என் முகத்தையும் பார்க்கவில்லை, அப்பா முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து அந்தச் சிவப்புக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பாகிட்ட சொல்லு பாப்பா" என்றான். "அவங்க வச்ச ஈயம் இன்னும் விடலன்னு சொல்லு."

ஒருவர் பாதம் ஒருவர் கையில் இருந்தது. நடுவில் நான் எதற்கு? ஆனாலும் அப்பா பக்கம் திரும்பி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், சொன்னேன்.